கம்பிக் கடைக்காரன் கண்ணில் வீட்டு ஜிம்: தராசில் வைத்துப் பார்த்து வாங்கிய சாமான்கள்

வீட்டில் உடற்பயிற்சி செய்யச் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து விலையைப் பார்க்கிறார்கள், அதோடு முடித்துவிடுகிறார்கள். இரும்பை இரும்பாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. எடை என்ன, கேஜ் (குழாய்த் தகட்டின் தடிமன்) என்ன, துளை எத்தனை மில்லி, வெல்டிங் முழுசா அரைகுறையா, கடைசியில் கிலோவுக்கு என்ன விலை விழுகிறது? இவற்றைக் கேட்டுப் பதில் வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் எங்களுக்குக் கம்பி, சிமெண்ட் கடை. அப்பா ஆரம்பித்தது. விடிந்தால் அடைந்தால் இரும்போடுதான் புழக்கம். போன பிசான நெல் அறுப்பு முடிந்த கையோடு பாளையங்கோட்டையில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், "நடை மட்டும் போதாது அண்ணாச்சி, கனம் தூக்கணும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை வாங்கிக்கொள்கிற பெரிய இடமே தசைதான்" என்று சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதற்கு மேல் வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை. அந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. காலையில் ஆற்றங்கரைப் பக்கம் பாருங்கள், நடக்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். தூக்குகிறவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

வீட்டுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கிக் கிடந்த பத்துக்குப் பன்னிரண்டு அறையை ஒழித்தோம். உபயோகிக்கப்போவது மூன்று பேர். நான், என் வீட்டுக்காரி, எங்கள் வீட்டில் தங்கிக் காவலர் தேர்வுக்குத் தயாராகிற அக்கா மகன். ஆளுக்கொரு தேவை. அதனால்தான் இவ்வளவு விசாரித்து வாங்க வேண்டியதாயிற்று.

முதலில் அந்த இருபது கிலோ செட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் உடற்பயிற்சிச் சாமான் என்று தேடினால் முன்னால் வந்து நிற்பது அதுதான். கம்பியில் மாட்டுகிற எடைத் தட்டு எட்டு, இரண்டு கைக்கம்பி (டம்பெல்), ஒரு நீளக்கம்பி, கையுறை, ஸ்கிப்பிங் கயிறு, எல்லாம் ஒரே பெட்டியில். கடையத்தில் இருக்கிற என் மச்சினன் ஒன்று வாங்கியிருந்தார். "அத்தான், இருபது கிலோ வெறும் ஆயிரத்தி அறுநூறுதான். நீங்களும் ஒண்ணு போட்டிருங்க" என்றார். கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எங்கள் கடைத் தராசு தொழிலாளர் துறையில் வருஷா வருஷம் முத்திரை வாங்குகிற மின்னணுத் தராசு. தட்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தோம். 3 கிலோ என்று அச்சடித்த நான்கு தட்டுகளும் 2.640, 2.710, 2.580, 2.690 என்று நின்றன. 2 கிலோ தட்டு நான்கும் சேர்ந்து 7.100. ஆக மொத்தம் 17.720. இருபதுக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல் குறைவு. மச்சினன் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்தக் குறைவைவிடப் பெரிதாகப் பட்டது, ஒரே எண் போட்ட இரண்டு தட்டுக்குள் 130 கிராம் வித்தியாசம் இருந்ததுதான். சின்னக் கம்பியில் அது தெரியாது. நீளக்கம்பியின் இரண்டு முனையிலும் மூன்று நான்கு தட்டு ஏறிய பிறகு இந்த வித்தியாசங்கள் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால், ஒரு தோள் மட்டும் இழுபடும்.

தட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சரசரவென்று ஓடுகிற சத்தம். மேல் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருப்பது சிமெண்டும் கிரஷர் தூசியும். ஒன்றின் விளிம்பு ஏற்கெனவே விரிந்து, சாம்பல் நிறப் பொடி கையில் ஒட்டியது. என் கடையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை 400 ரூபாய்க்குள் போகிறது, கிலோவுக்கு 8 ரூபாய்கூட வராது. அந்தப் பெட்டியில் கிலோவுக்கு 90 ரூபாய் விழுகிறது. கம்பி, கையுறை, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதை இரும்பு விலைக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

பயன்படாதா என்றால், பயன்படும். தட்டுக்கு உள்ளே இருப்பது இரும்பா சிமெண்டா என்று தசைக்குத் தெரியாது. முதல் சில மாதத்துக்கு ஓடும். கனம் கூட்ட ஆரம்பிக்கும்போதுதான் தொந்தரவு. இரும்பு தண்ணீரைவிட ஏழு மடங்குக்கு மேல் கனம், கான்கிரீட் இரண்டரை மடங்குக்குள். அப்படியானால் அதே எடைக்குச் சிமெண்ட் தட்டு மூன்று மடங்கு இடத்தைப் பிடிக்கும். கைக்கம்பி 14 அங்குலம்தான். நடுவில் பிடிக்கு 5 அங்குலம் போக, ஒரு பக்கத்துக்கு நாலரை அங்குலம் மிச்சம். அதிலும் திருகு நட்டுக்கு இடம் வேண்டும். சிமெண்ட் தட்டு இரண்டு மூன்று ஏறியதுமே கம்பி நிறைந்துவிடும். அதற்கு மேல் கூட்ட வழி கிடையாது.

அடுத்தது கம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடக்கிற இடம் இது. கொத்தனார், இன்ஜினியர், கம்பிக் கடைக்காரர் எல்லாருக்கும் மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 28 மில்லி கம்பிக்கு 784-ஐ 162-ஆல் வகுங்கள், மீட்டருக்கு 4.84 கிலோ. 5 அடிக் கம்பி என்றால் சுமார் 7.4 கிலோ. இதையே சில இடத்தில் "10 கிலோ ராடு" என்று சொல்லி விற்கிறார்கள். 25 மில்லி கம்பி 3 அடி நீளத்துக்கு மூன்றரை கிலோ இருக்க வேண்டும். மச்சினன் பெட்டியில் வந்த 3 அடிக் கம்பி 1.9 கிலோதான் இருந்தது. அப்படியென்றால் அது கம்பியே இல்லை, மேலே குரோம் பூசின குழாய். முனையில் ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்ததைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டை. தலைக்கு மேல் கனத்தோடு நிற்கிறபோது வளைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மச்சினனிடம் அந்த ஒன்றை மட்டும் உடனே மாற்றச் சொல்லிவிட்டேன்.

கடைக்குத் தராசு கொண்டுபோக முடியாது என்று நினைக்க வேண்டாம். மீன்காரர்கள் வைத்திருக்கிற தொங்கு தராசு சட்டைப் பையில் அடங்கும், சில நூறு ரூபாய்தான்.

துளையின் அளவையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சந்தையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 25, 28 மில்லிக் கம்பிக்கான தட்டு, துளை 30 மில்லிக்குள் இருக்கும். மற்றது போட்டிக் கம்பிக்கானது, முனை 50 மில்லி. பளுதூக்கும் போட்டியில் ஆண்கள் கம்பி 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம். பெண்கள் கம்பி 15 கிலோ, 2.01 மீட்டர். பத்தடி அகல அறையில் ஏழடிக் கம்பியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தட்டு மாட்ட நிற்க இடம் இருக்காது. நூறு கிலோவைத் தாண்டித் தூக்கப்போகிறவர் 50 மில்லிக்குப் போகட்டும். எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் துளைதான் சரி. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டால் ஒன்றின் தட்டு மற்றதில் நிற்காது.

தட்டுகளை நான் பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிப் பக்கம் இருக்கிற ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். உள்ளே போனதும் தடிமனும் துளையும் அளக்கிற வெர்னியரையும் தொங்கு தராசையும் எடுத்தேன். கடைப் பையன், "என்ன அண்ணாச்சி, தராசோட வந்திருக்கீய?" என்றான். முதலாளி எழுந்து வந்து, "பாக்கட்டும்லே, அவாள் பாத்துத்தான் எடுக்கட்டும்" என்று தட்டுகளைத் தரையில் பரப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன்.

வார்ப்பு இரும்புத் தட்டு ஒன்றுபோல் இருக்காது. மணல் அச்சில் ஊற்றுவதால் 10 கிலோ தட்டு ஒன்று 9.8 இருக்கும், இன்னொன்று 10.2 இருக்கும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. 9.8-க்கு இன்னொரு 9.8, 10.2-க்கு இன்னொரு 10.2 என்று ஜோடி பிரித்து எடுக்க விட்டார்களா என்பதுதான் கேள்வி. விட்டார்கள். பிறகு விரலை வைத்துத் துளையின் உள்பக்கம் சுற்றினேன். வார்ப்பில் பிசிறு விட்டிருந்தால் அங்கேதான் தெரியும், கம்பியின் குரோமை அது சுரண்டிவிடும். தட்டின் முகத்தில் ஊதுதுளை (வார்ப்பில் காற்று அடைபட்டு விழுகிற குழி) இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் குழிகள் பரவாயில்லை, பெயிண்டில் மூடிவிடும். துளைக்குப் பக்கத்திலேயே குழி இருந்தால் அந்தத் தட்டு வேண்டாம், கீழே போட்டால் அங்கே விண்டுவிடும். இப்படி ஒதுக்கிய தட்டுகளை முதலாளி முகம் சுளிக்காமல் வாங்கி உள்ளே வைத்தார். ஸ்டிக்கர் எடைக்குப் போடாமல் தராசு எடைக்குக் கிலோ 120 ரூபாய் என்று பில் போட்டார். 130-ல் ஆரம்பித்த பேச்சு. எங்கள் லோடு ஆட்டோ சரக்கு எடுக்க நெல்லைக்கு வருவதால் கூலிச் செலவும் இல்லை.

அந்தக் கடையில் எனக்கு ஒரு மனக்குறை. 1.25 கிலோ தட்டு இல்லை. "யாரும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி, எல்லாரும் பெருசுதான் கேக்காவ" என்றார்கள். இதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

அதே கடையில் "இருபது வேலைக்கு ஒரே பெஞ்ச்" என்று ஒன்று நடு இடத்தில் நின்றது. சாய்க்கலாம், படுக்கலாம், கால் நீட்டலாம், கை வளைக்கலாம் என்று படம் ஒட்டியிருந்தது. அதில் உட்கார்ந்து இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்தேன். முதுகுப் பலகை அரை அங்குலம் ஆடியது. கூடுதல் வேலைக்காக மாட்டின ஒவ்வொரு கைக்கும் ஒரு கீல், ஒரு ஊசி, ஒரு நட்டு. ஒவ்வொன்றும் நாளைக்குத் தளரப்போகிற இடம். குழாயின் முனையில் வெர்னியர் வைத்தால் 1.2 மில்லி. நம் பக்கம் ஜன்னல் கிரில்லுக்குச் சட்டம் போடுகிற 18 கேஜ் அது. மனிதனும் கனமும் சேர்ந்து 120, 130 கிலோ விழுகிற இடத்தில் நான் அதை வைக்க மாட்டேன். குழாயைக் கையில் தட்டிப் பார்த்தாலே சத்தத்தில் தெரியும்.

பெஞ்சைக் கல்லிடைக்குறிச்சி ரோட்டில் எங்களிடம் சரக்கு எடுக்கிற வெல்டிங் பட்டறையில் அடிக்கச் சொன்னேன். 50-க்கு 50 சதுரக் குழாய், 2 மில்லி, அதாவது 14 கேஜ். இந்தக் குழாய் மீட்டருக்கு 3 கிலோ வரும், 6 மீட்டர் நீளம் 18 கிலோ. அதே அளவு 1.2 மில்லிக் குழாய் 11 கிலோதான் இருக்கும். பட்டறைக்காரர் எந்தக் குழாய் போடுகிறார் என்று தெரிய வெட்டுவதற்கு முன்னால் ஒரு நீளத்தைத் தராசில் வைத்தால் போதும். படுக்கும் உயரம் தரையிலிருந்து 42 முதல் 45 சென்டிமீட்டர், பலகை அகலம் 29 முதல் 32 சென்டிமீட்டர். பவர்லிஃப்டிங் போட்டிக்கு வைத்திருக்கிற அளவு அது. இதற்கு மேல் உயரமானால் குட்டையானவருக்குக் கால் தரையில் ஊன்றாது, அகலம் குறைந்தால் தோள்பட்டை எலும்பு வெளியே தொங்கும். 18 மில்லி பிளைவுட், அதன் மேல் அழுத்தமான ரீபாண்டட் ஃபோம். ஆட்டோ சீட் தைக்கிறவரிடம் கொடுத்து ரெக்சின் போட்டோம். இரண்டு சுற்றுத் தையல் போட்டுப் பலகைக்கு அடியில் ஆணி அடித்துக் கொடுத்தார். கடையில் விற்கிற எந்த பெஞ்சிலும் அப்படி ஒரு தையலை நான் பார்க்கவில்லை.

கனம் தாங்கும் ஸ்டாண்டும் அங்கேயே. நான்கு தூண், இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை, படுத்துத் தூக்கும்போது நெஞ்சுக்குச் சற்று மேலே குறுக்காக நிற்க இரண்டு 25 மில்லி முழுக்கம்பி. வீட்டில் தனியாகத் தூக்குகிறவருக்கு அந்த இரண்டு கம்பியும் கட்டாயம். கை சோர்ந்து கனம் இறங்கினால் அது வாங்கிக்கொள்ளும். அது இல்லாமல் தனியாகப் படுத்துத் தூக்கத்தான் வேண்டும் என்றால், முனையில் நட்டு போட்டுத் தட்டை இறுக்காதீர்கள். முடியாதபோது ஒரு பக்கம் சாய்த்துத் தட்டைச் சரித்துவிட்டாவது வெளியே வரலாம். வெல்டிங்கில் நான் விடாப்பிடியாக நின்றது ஒன்றுதான்: நான்கு பக்கமும் முழுச் சுற்று ஓட்டம். மூலைக்கு மூலை பொட்டு வைத்துவிட்டுப் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள்.

டிரெட்மில் நாங்கள் வாங்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டில் இருக்கிறது, போய் உட்கார்ந்து அக்கு அக்காகப் பார்த்தேன். மோட்டார் மேல் 3 எச்.பி. (குதிரைத் திறன்) என்று பெரிய ஸ்டிக்கர். வயரைப் பிடித்துக்கொண்டு போனால் முனையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். ஒரு குதிரைத் திறன் 746 வாட். மூன்று என்றால் 2,238 வாட். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 1,380 வாட்தான் எடுக்கலாம், இரண்டு எச்.பி.கூட வராது. பிறகு எங்கேயிருந்து மூன்று வருகிறது? ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்குகிற உச்சத் திறனை எழுதிவிடுகிறார்கள். தொடர்ந்து ஓடும்போது என்ன திறன் என்பதைத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டால் பல விற்பனையாளர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

அதோடு ஆடிக் காற்று. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்கு ஜன்னலைச் சாத்தினாலும் தூசி வீட்டுக்குள் இருக்கும். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விட்ட பலகை, அதில் அந்தத் தூசி ஒட்டினால் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரிதான். நண்பர் வீட்டுப் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தேன், அடிப்பக்கம் வழவழப்பே இல்லை. பழுது பார்க்க ஆள் நெல்லையிலிருந்து வர வேண்டும், ஆளுக்குப் பஸ் செலவும் நாம்தான். எனக்கு நடக்க நதியுண்ணிக் கால்வாய்க் கரை இருக்கிறது, அது போதும்.

ஆனால் எல்லாருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இருட்டின பிறகுதான் வேலை ஓய்கிற பெண்களுக்கும், நாய்க்கும் லாரிக்கும் பயந்து வெளியே இறங்க முடியாத பெரியவர்களுக்கும் வீட்டுக்குள் நடக்க ஒரு வழி வேண்டும். அவர்கள் வாங்கலாம். 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டு, தொடர் திறன் எழுதியிருக்கிற மோட்டாராகப் பார்த்து, பழுது பார்க்கிறவர் நெல்லையிலேயே இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கை ஆட்டி மிதிக்கிற சைக்கிள் அதைவிடச் சிக்கனம், கரண்டும் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

தரைக்கு ஜிம் மேட் என்று சதுரம் சதுரமாக விற்கிற பஞ்சை வாங்க வேண்டாம். கனம் வைத்த இடம் அப்படியே பள்ளமாகி நிற்கும். மாட்டுத் தொழுவத்துக்கு விரிக்கிற ரப்பர் மேட் இருக்கிறதே, அதை வாங்குங்கள். அரை அங்குலத்துக்கு மேல் கனம், பசுவே ஏறி மிதிக்கிறது, தேய்வதில்லை. பால் பண்ணைச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். ரப்பர் வாடை போக நாலு நாள் வெயிலில் கிடத்தினோம். டைல்ஸ் இதுவரை ஒன்றுகூடக் கீறவில்லை.

துருவைப் பற்றி அம்பை, பாபநாசம், தென்காசிப் பக்கத்துக்காரர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இங்கே சாரல் காலம் முழுக்கக் காற்றில் ஈரம். அது முடிந்து மூச்சுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2023 டிசம்பர் மழையில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் தண்ணீருக்குள் நின்ற வீடுகளை எல்லாரும் பார்த்தோம். அந்த வெள்ளத்தில் மோட்டார் வைத்த சாமான்கள் போனது போனதுதான். இரும்புத் தட்டு அப்படியில்லை. கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் ஒரு கை அடித்தால் பழையபடி வந்துவிடும். மழை நாளில் கம்பியின் பிடியைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்கிறோம். குரோம் உரிந்த கம்பி என்றால் வாரம் ஒரு தரம். தட்டுகளைச் சுவரில் சாய்க்காமல் ஆணியில் தொங்கவிட்டால் பின்பக்கம் ஈரம் தங்காது.

அக்கா மகனுக்கு வேண்டியது தொங்குகிற கம்பி. காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு, முன்கையும் முதுகும் பலப்பட்டாக வேண்டும். வாசல் நிலைக்குள் திருகி இறுக்குகிற கம்பி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. "மாமா, இதை மாட்டிக்கிடுதேன்" என்றான். நான் விடவில்லை. அது முழுக்க நிலைச்சட்டத்தின் மீதான உராய்வில் நிற்கிறது. பட்டறையிலேயே ஒரு கம்பி அடித்து, கான்கிரீட் பீமில் 12 மில்லி ஆங்கர் போல்ட் நான்கு போட்டு மாட்டினோம். செங்கல் சுவரில் போட்டால் பிடிமானம் நாளாக நாளாகத் தளரும், பீமோ லிண்டலோ பார்த்துத்தான் துளை போட வேண்டும். கயிறும் அந்தப் பீமிலேயே தனிக் கொக்கியில் தொங்குகிறது. ஃபேன் கொக்கியில் யாரும் கயிறு கட்டிவிடாதீர்கள், அதைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஃபேனின் கனத்துக்குப் போட்ட கொக்கி அது, ஆடுகிற ஆளின் கனத்துக்குப் போட்டதில்லை.

எங்கள் ஜில்லாவில் கனம் தூக்குவது புதுசும் இல்லை. பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இன்றைக்கும் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள், நூறு கிலோவுக்கு மேல் கனமான உருண்டைக் கல்லையும் தோளில் ஏற்றிப் பின்னால் போடுகிறார்கள். பெண்கள் உரலைத் தூக்குகிறார்கள். என் அப்பா காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்ற மூன்றும்தான் உடற்பயிற்சி. அந்தக் கர்லாக்கட்டையை எங்கள் அறையில் சேர்த்ததில் எனக்குப் பெரிய திருப்தி. அம்பாசமுத்திரம் மரத்தில் கடைந்த சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர், கடைசல் பிடிக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒருவரிடம் நன்றாகக் காய்ந்த வேப்ப மரத்தில் ஒரு ஜோடி பிடித்து வாங்கினேன். ஈர மரத்தில் பிடித்தால் கோடையில் வெடித்துவிடும், அவரே மரத்தைத் தட்டிப் பார்த்து இரண்டை ஒதுக்கிவிட்டு மூன்றாவதைத்தான் எடுத்தார். கைப்பிடி முனையில் ஒரு குமிழ் வைத்துக் கொடுத்தார், வியர்த்த கையிலிருந்து நழுவாமல் இருக்க. நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து இறுகிப்போன தோளுக்கு, தலைக்குப் பின்னால் ஒரு சுற்று போய்வருகிற அந்தக் கட்டை செய்கிற வேலையை எந்த இரும்பும் செய்யவில்லை. லேசான கட்டையில் ஆரம்பிக்க வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் நின்று முதல் சுற்றுகளைச் சொல்லித்தர வேண்டும்.

செலவு கேட்பீர்கள். தட்டு, முழுக்கம்பிகள், பெஞ்ச், ஸ்டாண்ட், மேட், கர்லாக்கட்டை எல்லாம் சேர்த்து எனக்கு 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. குழாய் என் கடை அடக்க விலை, உங்களுக்கு இரண்டு மூவாயிரம் கூடலாம். நண்பர் வீட்டு டிரெட்மில் ஒன்றே அதற்கு மேல். மொத்தமாகப் போட முடியாதவர்கள் இரண்டு கைக்கம்பியும் 30 கிலோ தட்டும் மட்டும் வாங்கித் தொடங்குங்கள். பெஞ்ச் அடுத்த அறுப்புக்கு வரட்டும்.

இனி அந்த 1.25 கிலோ தட்டு விஷயம். என் வீட்டுக்காரிக்குக் கைக்கு 5 கிலோ சுலபமாக வந்துவிட்டது. அடுத்து ஏற்றலாம் என்றால் கடையில் இருக்கிற சின்னத் தட்டே 2.5 கிலோ. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் ஒரே தாவலில் 10 கிலோ, இரட்டிப்பு. பெண்களும் வயசானவர்களும் கனம் தூக்குவதைப் பாதியில் விடுவதற்கு இந்தத் தாவல் ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாமான் விற்கிறவர்கள் இவர்களை நினைத்துச் சரக்கு வைப்பதே இல்லை. அதனால் லேத்தில் பிடித்தோம். 8 மில்லி இரும்புத் தகட்டில் 105 மில்லி விட்டத்துக்கு வட்டம் வெட்டி, நடுவில் 29 மில்லி துளை போட்டால் சரியாக அரை கிலோ வருகிறது. விளிம்பை மழித்துத் தரச் சொல்லுங்கள், கை கிழிக்கும். நான்கு வட்டம் வெட்டக் கழிவுத் தகடே போதும், லேத் கூலியோடு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். கைக்கம்பிக்கு ஒரு ஜோடி சேர்த்தால் கிலோ கிலோவாக ஏறலாம். இப்போது அவள் கைக்கு 6 கிலோ பிடிக்கிறாள். அந்த வட்டங்களுக்கு நீல எனாமல் அடித்துத் தனி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், எங்களை எடுக்க விடுவதில்லை.